நான் சுண்ணாம்பு அடித்த கள்ளி

அன்பு மாப்பிள்ளை சாமிக்கண்ணு,

என் தங்கை அஞ்சலையின் புருஷனே, பட்டைக் கிடங்கின் நாக்கே, மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம் ஆகியும் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்கிறவனே, சுகமா?

உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதி முடித்ததும் கொஞ்சம் வஜ்ஜிரம் காய்ச்சி, தோல் ஷாப் வாசலைப் பார்த்த கிடங்குச் சுவரில் ஒட்டப் போகிறேன். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டட்டும். நம் மானேஜரும் படிப்பார். அவர் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார் என்பதால் உனக்கும் கேட்டுவிடும்.

முதலில் சேதி. சரிவில் இருந்த சப்பாத்திக்கள்ளி செத்துவிட்டது.

நம்பமாட்டாய். "யார் சொன்னது மச்சான், மானேஜரா?" என்று கேட்பாய். நானே போய்ப் பார்த்தேன். மலையடிவாரத்தில் உன் ஆவாரஞ்செடிகளை விழுங்கிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றதே, அந்தக் கள்ளிக் கூட்டம், மடல் மடலாய் மஞ்சளித்துத் தொங்கி, அழுகி, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கிறது. மேலே கால் வைத்தால் சவசவவென்று உள்ளே போகிறது. நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். தோல் ஊற வைக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த மூக்குகள், திடீரென்று இவ்வளவு நாசூக்கு எங்கிருந்து வந்ததோ.

அந்தக் கள்ளிக்கு ஊரில் எத்தனை வக்கீல்கள் இருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கேட்காது என்றார்கள். மாடு கடிக்காது என்றார்கள். தோலில் சீவிப் போட்ட ஜவ்வைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாய்களுக்கு அதைவிட நல்ல வேலி உண்டா என்றார்கள். தோல் ஷாப்பைச் சுற்றி நட்டார்கள், தோப்பைச் சுற்றி நட்டார்கள், இடுகாட்டைச் சுற்றிக்கூட நட்டார்கள். செத்தவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று பயம் போலிருக்கிறது. வேலி தாண்டி அது சரிவில் ஏறியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவாரம் பட்டை கம்மியாக வருகிறது என்று உன்னைத்தான் திட்டினார்கள்.

உன் வேலையே அந்தப் பட்டைதான். கட்டுக் கட்டாக வருகிற பட்டையில் ஒரு துண்டைப் பிய்த்துக் கடைவாயில் போட்டு, கண்ணை மூடி, ஆவாரையா, கொன்றையா, வேலமா, எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்வாய். நாக்கு சுருண்டால் வாங்கு, சுருளாவிட்டால் வண்டியைத் திருப்பு. உன் நாக்கை நம்பித்தான் இத்தனை குழிகளிலும் தோல் பதம் ஆனது. அதே நாக்கால் நீ கள்ளி மடலையும் கடித்துப் பார்த்துத் துப்பினாய். "இது யாருக்குமே சோறு போடாது மச்சான். ஆனா எல்லாரோட சோத்தையும் துன்னும்," என்றாய். நான் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பட்டை கடிக்கிறவனுக்கு ஊர்க் கவலை எதற்கு என்று நினைத்தோம்.

பிறகு ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு நாள் ஞானோதயம் வந்தது. கள்ளியை ஒழிக்க ஒரு கமிட்டி. மேஜை, நாற்காலி, சோடா. கூலிக்கு ஆள் பிடித்து, அரிவாளால் கள்ளியைத் துண்டு துண்டாக வெட்டி, வண்டியில் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து பாலாற்றங்கரையில் கொட்டினார்கள். நீ வண்டியைத் தடுத்தாய். "ஐயா, இது துண்டானா சாகாது, குடும்பம் நடத்தும். கீழ போட்ட எடத்துல வேர் வுடும்," என்று கையெடுத்துக் கும்பிட்டாய். கமிட்டித் தலைவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பட்டை கடிக்கிறவன் எங்களுக்குப் பாடம் நடத்தறான்பா," என்றார். அந்த வருஷ மழைக்குப் பிறகு ஆற்றங்கரையில் வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதராகி நின்றது. நட்டவர்களைவிட நன்றாக நட்டது அந்தக் கமிட்டிதான். அதற்காக அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அப்புறம் நீ அரக்கோணம் போனாய். மெட்ராசுக்குப் போகிற தோல் சரக்கோடு காவலுக்குப் போனவன், ஜங்ஷனில் வண்டி நின்ற நேரத்தில் தண்டவாளத்து ஓரமாகக் கள்ளி செத்துக் கிடப்பதைப் பார்த்தாய். வெட்டாமல், கொளுத்தாமல், நின்ற இடத்திலேயே சாவது. கிட்டே போனால் மடலெல்லாம் வெள்ளைப் பஞ்சு. நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பு. கடல் தாண்டி வந்த பூச்சியாம், கள்ளியைத் தவிர வேறெதையும் தொடாதாம் என்று அங்கே லைனில் வேலை செய்தவன் சொன்னான். பஞ்சு பிடித்த மடல் இரண்டை வெட்டி, சாக்கில் சுருட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி ரயிலில் கொண்டுவந்தாய். இறங்கினதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகத் தோல் ஷாப் வேலிக்குப் போய் இரண்டு மடலையும் கள்ளியில் கட்டினாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பார்க்க வசதியான இடம் என்று அதைத் தேர்ந்தெடுத்தாய். அதுதான் நீ செய்த ஒரே தப்பு.

மானேஜரிடம் சொன்னாய் அல்லவா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பூச்சி கள்ளிய துன்னுதா, இல்ல கள்ளி உன் மூளைய துன்னுதா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார், அதோடு அதை மறந்தும் போனார்.

மூன்று மாதத்தில் வேலியில் பாதி வெளுத்துவிட்டது. நீ நாட்றம்பள்ளி பக்கம் பட்டை பார்க்கப் போயிருந்த வாரத்தில்தான் மானேஜர் அதைக் கவனித்தார். ஒன்றை விரலால் நசுக்கினார். சிவப்பாக வந்ததும் முகம் வெளிறிப்போய்விட்டது.

தோல் ஷாப்காரனுக்குப் பூச்சி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புப் போட்டு அடுக்கிய தோலில் ஒரு புழு புகுந்தால் அடுக்கு முழுவதும் சல்லடை. அதனால் இந்த ஊரில் யாரும் ஒரு பூச்சியைப் பார்த்து நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரிப்பதில்லை. ஊர்கிறதா, கொல். எதைக் கொல்வதென்றாலும் நம்மிடம் ஒரே மருந்து, சுண்ணாம்பு. மயிர் உதிர்க்கச் சுண்ணாம்பு, சுவருக்குச் சுண்ணாம்பு, காலராவுக்குச் சுண்ணாம்பு. "ரத்தம் குடிச்சிட்டு ஒக்காந்துக்கிது பார், தோல் வாசனைக்கு வந்த பூச்சி! கெடங்குக்குள்ள பூந்துச்சுன்னா தொலைஞ்சோம். வேலி பூரா சுண்ணாம்பு அடிங்கடா!" என்று கத்தினார் அந்த மகா புத்திசாலி.

அடித்தது யார்?

இதை எழுதத்தான் இவ்வளவு நீளமாக வந்தேன். மானேஜரைத் திட்டுவது சுலபம், அது எனக்கு நன்றாக வருகிறது. சுண்ணாம்புக் குழியிலிருந்து வாளி வாளியாகக் கெட்டிச் சுண்ணாம்பை அள்ளி, தென்னை மட்டையால் மடல் மடலாக அடித்தவன் நான்தான். நான்கு நாள். அது உன் பூச்சி என்று எனக்குத் தெரியும். நீ அதை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று தெரியும். கிடங்கு மேஸ்திரி வேலை கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "இது சாமிக்கண்ணு வுட்ட பூச்சிங்க, தோலத் தொடாதுங்க" என்று சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வாயைத் திறக்கவில்லை. மானேஜர் முட்டாள். நான் தெரிந்தே செய்தவன், அதற்கு வேறு பெயர்.

நீ திரும்பி வந்து வேலியைப் பார்த்தாய். ஊற வைக்கிற தொட்டி மேஸ்திரி கரீம் பாயும் அப்போது கூட நின்றார். நீ அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நல்லா அடிச்சிகீற மச்சான். பொங்கலுக்கு அடிச்ச மாதிரி பளிச்சினு கீது," என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த நாள் வேலியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுரண்டிப் பார்த்தாய். சுண்ணாம்பு சரியாகப் படாத ஒரு மடல் அடியில், தரையை ஒட்டிக் கிடைத்தது. "நாலு உசுரு கீது பாய்," என்று கரீம் பாயிடம் காட்டினாயாம். இந்த முறை வேலியை நம்பவில்லை. எந்த மானேஜரும் எந்த மச்சானும் வாளியோடு வர முடியாத இடமாக, சரிவில் கள்ளிக்கு நடுவில் போய் வைப்பது என்று முடிவு செய்தாய். பன்றி போகிற சந்து வழியாக வயிற்றால் ஊர்ந்து போனாய். திரும்பும்போது முழங்காலில் முள் ஏறியது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுநாள் பட்டைக் குழியில் இறங்கி வேலை செய்தாய். கால் வீங்கியது. பத்து போட்டோம். காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்று ரயிலேற்றினோம். காட்பாடி வருவதற்குள் நீ என் மடியிலேயே போய்விட்டாய்.

முள் குத்திச் செத்தான் என்று ஊர் சொன்னது. அஞ்சலை அப்படிச் சொல்லவில்லை. இடுகாட்டில் என்னைப் பார்த்து, "சுண்ணாம்பு அடிக்கலன்னா அது ஏன் உள்ள போவுது?" என்று கேட்டாள். நீ வாழ்ந்தபோது உன்னை அது, இது என்றுதான் சொல்வாள், செத்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு இரண்டு வருஷம் ஒரே தெருவில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. சரிவுக்குப் போய் மிச்சம் இருந்த ஆவாரையில் பட்டை உரித்துத்தான் உன் மகளைக் காப்பாற்றினாள். கள்ளி வருஷம் ஒரு பாத்தி அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. சரிவு போனால் அவள் சாப்பாடு போகும் என்று எனக்குத் தெரியும். நான் கொடுத்த அரிசியைத் தெருவில் கொட்டினாள்.

போன மாசிக்குப் பிறகுதான் சரிவின் நடுவில் மஞ்சள் தெரிந்தது. நீ வைத்த இடத்திலிருந்து வட்டமாக விரிந்திருக்கிறது. நீ சொன்ன நாலு உசுருதான். ஒரு பக்கம் கள்ளி விழ, விழுந்த இடத்தில் ஆவாரை பழைய தூரிலிருந்து துளிர்த்து வந்திருக்கிறது. அஞ்சலை இப்போது விடிந்ததும் போனால் மத்தியானத்துக்குள் ஒரு கட்டு உரித்துவிடுகிறாள்.

ஊருக்கும் தெரிந்தது. உடனே மோட்டாரில் ஓர் அதிகாரி வந்தார், தோல் ஷாப் வாசலில் பந்தல் போட்டார்கள். யாருக்கு மாலை என்று கேள். நம் மானேஜருக்கு! "ஆரம்பத்துலேர்ந்தே இந்தப் பூச்சி மேல எனக்கு ஒரு கண்ணு சார். எல்லாம் நம்ம ஷாப் ஆளுங்க செஞ்ச வேலைதான்," என்றார், வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தபடி. பக்கத்தில் நின்ற கரீம் பாய் மட்டும் உரக்கச் சொன்னார்: "ஆமா சார், ரொம்ப நல்ல பூச்சி. சுண்ணாம்பு ஜாஸ்தியா அடிச்சாகூட நாலு தப்பிச்சிடும்." அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கை தட்டினார். கூட்டமும் தட்டியது. மாலையின் கனத்தில் மானேஜர் குனிந்துகொண்டார், வெட்கத்தில் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன், மாப்பிள்ளை. சரிவிலிருந்து பூச்சி இறங்கி வந்து ஷாப்பின் கள்ளி வேலியும் போய்விட்டதால் நாய்கள் மறுபடி உள்ளே வருகின்றன. வேலி வேண்டும். போன மாதம் மானேஜர் எங்கிருந்தோ ஒரு கூடை நிறைய நாற்றும், ஒரு மூட்டை நெற்றும் வரவழைத்தார். ஏதோ சீமைக் கருவேலமாம். என்ன சொன்னார் தெரியுமா? தண்ணீர் கேட்காதாம். முள் கெட்டியாம். நாய் நுழையாதாம். காயை ஆடு விரும்பித் தின்னுமாம். இதைக் கேட்டபோது கள்ளியைப் புகழ்ந்த அந்தப் பழைய குரல்களெல்லாம் என் காதில் விழுந்தன.

"கள்ளிக்கும் இதையேதாங்க சொன்னாங்க," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் எதிர்த்துப் பேசினேன், உனக்காக இரண்டு வருஷம் தாமதமாக.

"அட மக்கு, கள்ளி வேற, இது வேற. இது மரம்டா. தண்ணி ஊத்து, போ," என்று வாளியைக் காட்டினார். அதே வாளி.

உன்னைப் போல ஒரு குச்சியைக் கடித்துப் பார்த்தேன். என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, அது உன் நாக்கு இல்லையே. அதனால் ஒரு நாற்றைச் சுற்றி மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தேன். மேலே ஒரு சாண் கூட இல்லை. கீழே ஒரு முழத்துக்கு வேர் போய், இன்னும் போய்க்கொண்டிருந்தது. காயைத் தின்கிற ஆடு கொட்டையை எங்கே கொண்டுபோய்ப் போடும்? சரிவில்தானே. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் நான் கோழைதானே. நேராகப் பிடுங்கத் தைரியம் வரவில்லை. கரீம் பாயின் தொட்டியிலிருந்து தோல் ஊறிய உப்புத் தண்ணீரை வாளியில் மொண்டு, ஏதோ பாசத்தோடு வளர்க்கிறவன் போல ஒவ்வொரு நாற்றுக்கும் ஊற்றினேன். தானாகக் கருகட்டும், கேட்டால் மண் சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்தச் சனியன்கள் முன்னைவிடப் பசேலென்று தலையாட்டிக்கொண்டு நிற்கின்றன! கரீம் பாய் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "உப்புத் தண்ணி குடிச்சிட்டு வளருது. இத்தோட தோஸ்தா இருந்தா பேஜார்தான் முனுசாமி. தந்திரம் எல்லாம் இதுகிட்ட வேலைக்கு ஆவாது," என்றார்.

நேற்றுக் காலை சங்கு ஊதினதும், எல்லாரும் உள்ளே வருகிற நேரத்தில், கடப்பாரையோடு வேலிக்குப் போனேன். முதல் நாற்றைத் தோண்டி வேர் அறாமல் எடுத்து வழியில் போட்டேன். இரண்டாவதை எடுத்தேன். மானேஜர் மாடியிலிருந்து கத்தினார். கூட்டம் சேர்ந்தது. மூன்றாவதன் வேர் பாறைக்குள் போயிருந்தது, நான் மண்டியிட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பட்டைக்கட்டு ஒன்று என் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கிடங்கில் போட வந்த அஞ்சலை.

இரண்டு வருஷம் கழித்து வாயைத் திறந்தாள். "இன்னாண்ணா, இதுக்குச் சுண்ணாம்பு அடிக்கலியா?" என்றாள்.

சுருக்கென்றது. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, உன் பெண்டாட்டி அப்படிப்பட்டவள் இல்லை. என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி, பாறைச் சந்தில் செருகி, "தள்ளு, மூக்க சிந்திக்கினே பிடுங்குனா வேர் அறுந்துடும்," என்றாள். வரிசை முழுவதையும் நாங்கள் இரண்டு பேரும் எடுத்து முடித்தோம். நெற்று மூட்டையைக் கரீம் பாய் கொதிக்கிற கொப்பரையில் போட்டுவிட்டார். ஏதோ கை தவறிவிட்டதாம்.

என்னை இன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மானேஜர் புது நாற்றுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாராம், அனுப்பட்டும். ஆவாரை துளிர்க்கிற சரிவில் நாளையிலிருந்து நானும் பட்டை உரிக்கப் போகிறேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்தச் சரிவை மேலிருந்து கீழ் வரை நடந்து பார்ப்பேன். இரண்டு இலையோடு அது தலை நீட்டும்போதே, வேர் ஒரு விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்குவேன். என் காலம் முடிந்தால் உன் மகள் பிடுங்குவாள், அஞ்சலை அவளுக்கு வேரைக் காட்டிவிட்டாள். இனி உன் சரிவில் யார் எதைச் செய்யச் சொன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டு வாளி தூக்கமாட்டேன், மாப்பிள்ளை. இது சத்தியம்.

உன் தங்கமான பெண்டாட்டி நேற்று மறுபடி அண்ணா என்று கூப்பிட்ட,
உன் மச்சான்,
முனுசாமி.